பத்து நிமிடப் பேச்சும் பேசும் படமும்

சங்கத்தின் ஆண்டு விழா என்றால் மூன்று நிகழ்ச்சிகள் தவறாமல் இடம்பெறும். இறைவணக்கம் ஒன்று, குழந்தைகளின் நடனம் ஒன்று, பொருளாளர் படிக்கும் வரவு செலவு அறிக்கை மற்றொன்று. முதலிரண்டுக்கும் அரங்கு நிறைந்திருக்கும். மூன்றாவது தொடங்கியதும் பின்வரிசையில் இருப்போர் ஒவ்வொருவராகக் காபியை நாடி எழுந்து செல்வர். எஞ்சியிருப்போர் நாற்காலியின் முதுகில் சாய்ந்து கண்களை மெல்ல மூடுவர். பொருளாளரோ, கையிலுள்ள தாளை முன்னும் பின்னும் புரட்டி, தொண்டையைக் கனைத்து, "உங்கள் பொன்னான நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை" என்று கூறி, அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்வார். இது நம் சங்கத்திற்கு மட்டும் உரிய வழக்கமன்று. மனிதர் நால்வர் கூடி ஒரு சங்கம் அமைத்த இடமெங்கும் இது நடந்தே தீரும் போலும்.

இந்த எளிய காட்சியைக் கருவாகக் கொண்டு, திரைப்படம் வாய் திறந்த தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு சிறு படம் எடுக்கப்பட்டது. அமெரிக்க நாட்டில் 1928-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'பொருளாளரின் அறிக்கை'. அதே ஆண்டில், அதே நடிகர், ஒரு மாதர் கழகத்தின் முன் நிகழ்த்தும் போலி அறிவியல் சொற்பொழிவாக இன்னொரு படமும் வந்தது. பத்து நிமிட அளவே ஓடிய இவ்விரு படங்களின் வரலாறு, பேசும் படத்தின் வரலாற்றில் ஒரு சிறிய அத்தியாயம். சிறியதாயினும், நம்மைப் போன்று மேடைகளையும் கூட்டங்களையும் விரும்பும் சங்கத்தார் அறிந்துகொள்ள வேண்டிய அத்தியாயம் என்று கருதியே இம்மலரில் அதனை எடுத்துரைக்க முற்படுகிறோம்.

சொற்பொழிவு செழித்த நாடு

கேலி பிறக்க வேண்டுமாயின், கேலிக்கு உரிய பொருள் முதலில் எங்கும் பரவியிருத்தல் வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா சொற்பொழிவுகளால் நிறைந்த நாடாக விளங்கியது. நியூயார்க் மாநிலத்தில் ஷடாக்குவா என்னும் ஏரிக்கரையில் 1874-இல் தொடங்கிய கோடைக்காலக் கல்விக் கூட்டங்கள் பெரும் புகழ் பெற்றன. 1904 முதல் அதே பெயரைத் தாங்கிய நடமாடும் கூடாரங்கள் ஊர் ஊராகச் சென்றன. அறிஞர்களும், பயணம் செய்து திரும்பியவர்களும், அரசியலாரும், இசைவாணர்களும் அக்கூடாரங்களில் மக்களுக்கு அறிவும் பொழுதுபோக்கும் அளித்தனர். மாதர் கழகங்கள் நாடெங்கும் பெருகி, 1890-இல் ஒரு பொதுக் கூட்டமைப்பாகவும் இணைந்தன. அக்கழகங்களில் பிற்பகல் வேளைகளில் யாரேனும் ஒரு பேராசிரியர் வந்து, பறவைகளைப் பற்றியோ பனிமலைகளைப் பற்றியோ விளக்குப் படங்களைக் காட்டிப் பேசுவது வழக்கம்.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. கல்லூரி வாசலை மிதித்தறியாத பல இலட்சம் மக்கள் செவிவழிக் கல்வி பெற்றனர். ஆயினும், நல்ல சொற்பொழிவாளர் ஒருவருக்குப் பத்துப் போலிகள் தோன்றுவது உலக இயல்பு. ஒன்றும் சொல்லாமலே ஒரு மணி நேரம் பேசக் கற்றவர்கள் பெருகினர். அவர்களின் தோரணையைக் கூர்ந்து நோக்கி நகைத்த ஒருவர் நியூயார்க் நகரில் இருந்தார். அவரே ராபர்ட் பெஞ்ச்லி.

ஓர் இரவுக்கென எழுந்த உரை

பெஞ்ச்லி 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே, மாணவர் நடத்திய நகைச்சுவை ஏட்டின் தலைவராக இருந்தவர். விருந்துகளில் போலிச் சொற்பொழிவு நிகழ்த்தி நண்பர்களைச் சிரிக்க வைப்பது அக்காலத்திலேயே அவருக்குக் கைவந்த கலை. 1919-இல் 'வானிட்டி ஃபேர்' என்னும் இதழின் நிர்வாக ஆசிரியரானார். அங்கே பணியாற்றிய எழுத்தாளர் டாரதி பார்க்கர் நாடக விமரிசனங்களின் பொருட்டு 1920-இல் வேலையினின்று நீக்கப்பட்டபோது, மனைவி மக்களைக் காக்க வேண்டிய நிலையில் இருந்தும், பெஞ்ச்லி தாமும் பதவியைத் துறந்தார். வேடிக்கை மனிதர் என்று உலகம் அறிந்த ஒருவரின் உள்ளே இருந்த உறுதிக்கு இஃது ஒரு சான்று. பின்னர் 'லைஃப்' இதழில் நாடக விமரிசகராக அமர்ந்தார்.

அந்நாளில் நியூயார்க்கின் அல்காங்குவின் ஓட்டலில் எழுத்தாளரும் விமரிசகரும் நடிகரும் ஒரே மேசையைச் சுற்றி நாள்தோறும் நண்பகல் உணவு அருந்தி உரையாடுவர். பெஞ்ச்லியும் அக்குழுவினர். பிறர் நடிப்பைக் குறை கூறியே பழகிய அவர்கள், தாங்களே ஒருநாள் மேடையேறிப் பார்ப்பது என்று முடிவு செய்தனர். 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, 49-ஆம் தெரு நாடக அரங்கில் அந்நிகழ்ச்சி நடைபெற்றது. அழைக்கப்பட்ட நண்பர்களும் நடிகர்களுமே அவையோர். விமரிசகர் நடித்தனர்; நடிகர் விமரிசித்தனர். வயலின் மேதை ஜாஷா ஹைஃபெட்ஸ் திரைமறைவில் நின்று பக்கவாத்தியம் வாசித்தார் என்றால், அந்த விளையாட்டின் தரத்தை அறிந்துகொள்ளலாம்.

அவ்விரவில் பெஞ்ச்லி ஏற்ற பாத்திரம் ஒரு துணைப் பொருளாளர். பொருளாளர் வர இயலாமற்போகவே, அவருக்குப் பதிலாக அறிக்கை படிக்கத் திடீரென நிறுத்தப்பட்ட ஓர் அப்பாவி. உரையை முன்கூட்டி எழுதி வைக்கவில்லை என்றும், அரங்கிற்கு வரும் வழியில் வாடகைக் காரில் அமர்ந்தே மனத்தில் அமைத்துக்கொண்டார் என்றும் கூறுவர். அவை சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. அவையில் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் இருந்தார். அவரும் தயாரிப்பாளர் சாம் ஹாரிஸும் தங்கள் 'மியூசிக் பாக்ஸ்' இசை நாடகத்தில் இவ்வுரையைச் சேர்க்க விரும்பினர். விமரிசகர் நடிகராவது முறையன்று என்று தயங்கிய பெஞ்ச்லி, அவர்கள் மறுத்துவிடுவர் என்று எண்ணி, வாரத்திற்கு 500 டாலர் என்று கேட்டார். அவர்களோ இசைந்துவிட்டனர்! 1923-இல் தொடங்கி ஒன்பது மாதம் இரவுதோறும் அதே அறிக்கையைப் படித்தார். ஒரே இரவின் விளையாட்டு ஊதியம் தரும் தொழிலாயிற்று.

வாய் திறந்த திரை

இதற்கிடையே திரைப்படத்துறையில் பெரிய மாறுதல் நிகழ்ந்தது. 1926-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வார்னர் நிறுவனத்தார் நியூயார்க்கில் தங்கள் ஒலிப்பட முறையை அறிமுகம் செய்தனர். அன்று திரையில் முதலில் தோன்றிப் பேசியவர் யார்? நடிகரும் அல்லர்; பாடகரும் அல்லர். திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவரான வில் ஹேஸ் என்பவர், அப்புதிய கருவியின் பெருமையைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார்! பேசும் படத்தின் பொது அரங்கேற்றமே மேடைப் பேச்சில்தான் தொடங்கியது என்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

வார்னர் முறையில் ஒலி பெரிய இசைத்தட்டுகளில் பதிவாகியிருந்தது. தட்டும் படமும் இணைந்து ஓட வேண்டும். முள் சற்றே தாவினால், திரையில் வாய் அசைவது ஓரிடத்தும் ஒலி வேறிடத்துமாகிவிடும். ஃபாக்ஸ் நிறுவனத்தார் கையாண்ட 'மூவிடோன்' முறை வேறு. அதில் ஒலி, ஒளியாக மாற்றப்பட்டுப் படச்சுருளின் ஓரத்திலேயே மெல்லிய பட்டையாகப் பதிந்தது. படம் காட்டும்போது அப்பட்டையினூடே ஒரு விளக்கின் கதிர் பாயும். அதன் ஏற்ற இறக்கத்தை ஒளிமின்கலம் உணர்ந்து மீண்டும் ஒலியாக்கும். படமும் ஒலியும் ஒரே சுருளில் இருந்தமையால் பிரிய வழியில்லை. உலகெங்கும் பின்னர் நிலைத்தது இந்த வழியே.

அந்நாளைய கருவிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. படம்பிடிக்கும் கருவி சுழலும் இரைச்சல் ஒலிவாங்கியில் பதிந்துவிடும் என்பதால், கருவியையும் அதனை இயக்குபவரையும் காற்றோட்டமற்ற ஒரு பெட்டி அறைக்குள் அடைத்து வைத்தனர். ஒலிவாங்கியோ ஓரிடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனின்று விலகினால் நடிகரின் குரல் தேய்ந்துவிடும். மௌனப் படக் காலத்தில் குதிரையிலும் இரயிலிலும் பாய்ந்தோடிய திரைப்படம், பேசக் கற்றவுடன் நடக்க மறந்தது.

இந்நிலையில் எத்தகைய காட்சி அக்கருவிக்கு ஏற்றது? ஒருவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும். அசையாமல் பேச வேண்டும். அவ்வாறு நிற்பதற்குக் கதையிலும் காரணம் இருக்க வேண்டும். மேடைச் சொற்பொழிவாளனைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறு யார்? பிறர்க்கு விலங்காக இருந்த தடை பெஞ்ச்லிக்கு வாய்ப்பாக அமைந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு முழங்கிப் பழகிய நாடக நடிகரின் குரல் ஒலிவாங்கியின் முன் செயற்கையாக ஒலித்தது. பெஞ்ச்லியின் கலையோ முழக்கமன்று, முணுமுணுப்பு. வாக்கியத்தின் நடுவே தடுமாறுதல், சொல்லை விழுங்குதல், தனக்குத் தானே சிரித்துக்கொள்ளுதல், பின் அவை சிரிக்கவில்லையே என்று திகைத்தல் ஆகியவையே அவர் கருவிகள். முன்வரிசையில் அமர்ந்தவர் மட்டுமே துய்க்கத்தக்க இந்நுட்பங்களைப் பேசும் படம் ஆயிரம் பேர் செவிக்கும் கண்ணுக்கும் அண்மையில் கொண்டுவந்தது.

இரு படங்கள்

1928-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தார் 'பொருளாளரின் அறிக்கை'யைப் படமாக்கினர். இயக்கியவர் தாமஸ் சால்மர்ஸ். இவர் முன்பு மெட்ரோபாலிடன் இசை நாடக அரங்கில் பாடகராக விளங்கியவர். ஒலியின் நுட்பம் அறிந்தவர் கையில் படம் சேர்ந்தது நற்பேறே.

படத்தில் நிகழ்வது மிகச் சிறிது. விருந்து முடிந்த ஒரு கூட்டம். துணைப் பொருளாளர் எழுகிறார். கழுத்துப் பட்டையைத் திருத்துகிறார். அவையைக் கலகலப்பாக்க ஒரு சிரிப்புக் கதையைத் தொடங்கிக் குழப்புகிறார். தங்கள் அமைப்பின் தொண்டு ஒரு பயனை மட்டுமன்றி வேறொன்றையும் அளிக்கிறது என்று மிடுக்காகத் தொடங்கி, முன் சொன்ன அதே பயனையே மீண்டும் சொல்லி முடிக்கிறார். பிறகு கணக்கிற்கு வருகிறார். எண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இவ்வுரை 1930-இல் நூலாக வந்தபோது அச்சான வடிவில், நன்கொடையாளர் பட்டியலோடு, முகாமில் மறந்து விட்டுப்போன மேற்சட்டைகளையும் தொப்பிகளையும் விற்ற தொகையும் வரவாகக் காட்டப்பட்டுள்ளது. நிதி திரட்டுவதற்கென நடத்திய நாடகமோ நட்டத்தில் முடிந்ததாம்! ஆண்டு விழா நடத்தி அனுபவப்பட்ட நம் செயற்குழுவினர் இவ்விடத்தில் சிரிப்பரோ, பெருமூச்சு விடுவரோ, நாம் அறியோம்.

இரண்டாவது படத்தின் தலைப்பு 'பாலிப் என்னும் உயிரின் பாலின வாழ்க்கை'. தலைப்பைக் கண்டு குடும்பத்தார் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நகைச்சுவையின் உயிர்நாடியே அங்குதான் இருக்கிறது. பெரிதாக ஏதோ கேட்கப் போகிறோம் என்று எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் மாதரசிகளுக்கு, டாக்டர் என்று சொல்லிக்கொண்டு வந்த பெஞ்ச்லி கூறுவதெல்லாம், கண்ணுக்கும் எளிதிற் புலப்படாத ஒரு நீர்வாழ் உயிரின் வழக்கங்களே. அவ்வுயிர் விரும்பியபோது ஆணாகவும் பெண்ணாகவும் மாற வல்லது. ஆகவே அதன் காதல் வாழ்க்கை பெரிதும் குழப்பமானது என்று மிக மரியாதையாக விளக்குகிறார். சித்திரங்களைக் காட்டுகிறார், தாம் நிகழ்த்திய ஆராய்ச்சிகளை உருக்கத்தோடு எடுத்துரைக்கிறார். முகத்தில் சிறு புன்னகை; குரலில் ஐயத்திற்கே இடமற்ற உறுதி; பொருளோ வெறும் காற்று.

இப்படத்தின் வேர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டது. 1919-இல் நீர்ப்பல்லி இனம் ஒன்றின் சமூக வாழ்க்கை பற்றிப் பெஞ்ச்லி ஒரு போலி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அதில், பெண் உயிர் இருந்த இடத்தில் ஒரு ரப்பர் அழிப்பானை வைத்தும் ஆண் உயிர் வேற்றுமை காணாது மயங்கிக் கிடந்ததாக ஆராய்ச்சி முடிவு வெளியிடுகிறார். அறிவியலை அவர் இகழவில்லை. அறிவியலின் உடையை அணிந்துகொண்டு வரும் வெறுமையையே நகைத்தார்.

இங்கே ஒரு வியப்பையும் கூறுதல் தகும். பாலிப் என்பது கற்பனை உயிரன்று. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்தை அடுத்துள்ள பவளப் பாறைகளைக் கட்டி எழுப்பியவை இத்தகைய நுண்ணிய உயிர்களே. பவள இனங்களுள் காளான் வடிவின சில, உண்மையிலேயே ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வாழ்வதை ஆராய்ச்சியாளர் கண்டு 2008-இல் வெளியிட்டனர். போலிப் பேராசிரியர் விளையாட்டாக உரைத்தது ஓரளவு மெய்யாகவே இருந்திருக்கிறது! பொய்யாகப் புனைந்தாலும் உண்மை அதனையும் விஞ்சிவிடுகிறது.

விளையாட்டின் விலை

இப்படங்கள் பெற்ற வெற்றி பெஞ்ச்லியின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்திற்காக அவர் நடித்த 'உறங்குவது எப்படி' என்னும் படம், 1935-ஆம் ஆண்டின் சிறந்த நகைச்சுவைச் சிறு படத்திற்கான அகாதமி விருதைப் பெற்றது. நாயைப் பழக்குவது எப்படி, உணவு செரிப்பது எப்படி என்று பல விரிவுரைகள் தொடர்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு படங்களில் அவர் அதே தடுமாறும் அறிஞராகத் தோன்றினார்.

ஆயினும் அவர் உள்ளம் நிறைவு கொள்ளவில்லை. ஆன் அரசியார் காலத்து இங்கிலாந்தைப் பற்றி ஒரு சிறந்த வரலாற்று நூல் எழுத வேண்டும் என்பது அவர் வாழ்நாள் அவா. அதற்கெனப் பல ஆண்டுகள் நூல்களைத் தேடிச் சேர்த்தார். அந்நூல் எழுதப்படவேயில்லை. 'பொருளாளரின் அறிக்கை'யை நூலாக வெளியிட்டபோதே, அதனைச் சொல்லிச் சொல்லித் தாம் சலித்துவிட்டதை வெளிப்படையாகவே குறித்தார். 1943-இல் எழுத்துத் தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தார். 1945-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், 56-ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார். பேசத் தெரியாதவன் போல நடித்து உலகைச் சிரிக்க வைத்தவர், தாம் சொல்ல விரும்பியதைச் சொல்லாமலே சென்றார் என்பது எண்ணத்தக்கது.

எஞ்சியதும் அழிந்ததும்

இனி நாம் இவ்வரலாற்றை இங்கே எடுத்துரைத்ததன் முதன்மையான நோக்கத்திற்கு வருவோம்.

அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும், எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. 1937-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், நியூஜெர்சி மாநிலத்து லிட்டில் ஃபெர்ரி என்னும் ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் படச்சேமிப்பு அறையில் பெருந்தீ மூண்டது. அந்நிறுவனம் அதற்கு முன் எடுத்த மௌனப் படங்களில் பெரும்பகுதி அத்தீயில் சாம்பலாயிற்று. பெரும் பொருட்செலவில் எடுத்த காவியங்கள் பல மறைந்தொழிந்தன. துணைப் பொருளாளரின் தடுமாற்றமும் பாலிப் சொற்பொழிவும் தப்பிப் பிழைத்தன. 2007-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், என்றும் காக்கத்தக்க படங்களின் தேசியப் பதிவேட்டில் பாலிப் சொற்பொழிவைச் சேர்த்தது.

நம் நாட்டு நிலை யாது? இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் பம்பாயில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் டி. பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' வெளிவந்து, திரையில் முதன்முதலாகத் தமிழ் ஒலித்தது. இன்று அவ்விரண்டில் ஒன்றன் பிரதியேனும் கிடைக்கவில்லை. தமிழ்த் திரை பேசிய முதற் சொல்லை நம் மக்கள் கேட்க வழியில்லை. ஒரு போலிப் பொருளாளரின் கனைப்பைக்கூட ஒரு நாடு போற்றி வைத்திருக்க, நம் மொழியின் முதல் திரைக்குரலை நாம் இழந்து நிற்கிறோம். படங்கள் வெளிவந்த நாளில் யாரும் இவற்றை வேண்டுமென்றே அழிக்கவில்லை. இது வெறும் கேளிக்கைதானே, இதை எதற்குக் காப்பது என்ற அலட்சியமே அழித்தது.

இதனைப் படிக்கும்போது நம் சங்கத்தை எண்ணாதிருக்க முடியவில்லை. பிழைப்பு நாடி ஊரைவிட்டு வந்து, இக்குடியிருப்பில் தமிழ் பேசவும் பாடவும் ஓர் இடம் வேண்டும் என்று சங்கத்தைத் தொடங்கிய பெரியோர்களின் குரல் இன்று எங்கே இருக்கிறது? அவர்கள் மேடையில் பேசிய பேச்சு, அன்று நாம் கொட்டாவி விட்டுக் கேட்ட பேச்சு, இன்று ஒரு நிமிடமேனும் கேட்கக் கிடைக்குமா? நாடாப் பதிவுகள் சில வீட்டுப் பரண்களில் இருக்கலாம். அவை பூஞ்சை படிந்து போவதற்கு முன் எடுத்து, இன்றைய கருவிகளில் மாற்றி, சங்கத்தின் நூலகத்தில் சேர்ப்பது நம் கடமை. பெரிய செலவுமில்லை. இளைஞர்கள் தங்கள் கைப்பேசியைக் கொண்டே தாத்தா பாட்டியரின் நினைவுகளைப் பதிவு செய்யலாம். சென்னைத் தமிழும் நெல்லைத் தமிழும் தஞ்சைத் தமிழும் இவ்வடநாட்டுச் சொற்களோடு கலந்து ஒலிக்கும் அக்குரல்கள், நாளை நம் பேரர்க்கு எந்தக் காவியத்தைவிடவும் அரியவையாகத் தோன்றும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இவ்வாண்டும் நம் பொருளாளர் மேடைக்கு வருவார். தாளைப் புரட்டுவார், தொண்டையைக் கனைப்பார், எண்களில் ஒரு முறை தடுமாறவும் கூடும். அன்பர்கள் காபிக்கு எழுந்து செல்லாமல், சற்றே அமர்ந்து கேட்க வேண்டுகிறோம். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். அவரும் உடன் சிரிப்பார். ஊதியமின்றி ஓராண்டு முழுதும் நம் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வைத்த ஒருவரின் குரல் அது. அதனையும் பதிவு செய்து வைப்போம்.